பிரசங்கம் வேண்டாம், ஒரு மண்சட்டி போதும்: பள்ளிக்கூடத்தில் ஜீவகாருண்யம் சொல்லித்தர அக்காவின் டிப்ஸ்

ஆலுவாவுல இருந்தும் மட்டாஞ்சேரியில இருந்தும் நம்ம தமிழ்ப் பொண்ணுங்க அடிக்கடி கேக்கற கேள்விதான். "அக்கா, பசங்களுக்கு வாயில்லா ஜீவன்மேல இரக்கம் வர்ற மாதிரி ஏதாவது சொல்லித்தரணும். பள்ளிக்கூடத்துக்குள்ள எப்படி நுழையறது?"

ஆசை நல்ல ஆசை. ஆனா முக்கால்வாசிப் பேர் என்ன பண்றீங்க? லேப்டாப்ல ஒரு கூடை ஸ்லைடு, ரத்தம் சொட்டற வீடியோ ரெண்டு, கடைசியில கையை நீட்டி ஒரு உறுதிமொழி. மணி அடிச்சதும் அதே பசங்க வெளிய ஓடிப் போய், கேட் ஓரமா படுத்திருக்கிற நாய்மேல கல்லை விட்டு எறியும். அப்புறம் "இந்தக் காலத்துப் பிள்ளைங்களே இப்படித்தான்"னு நீ அலுத்துக்குவே. பிள்ளைங்க மேல தப்பில்லடி. கேட்டது காதோட போயிடும், கையால செஞ்சதுதான் நிக்கும். வேலையும் வீடுமா ஓடிட்டிருக்கற உனக்கு நேரமும் கம்மி. அதனால சுருக்கு வழியை மட்டும் சொல்றேன், கேட்டுக்கோ.

1. "புதுத் திட்டம்"னு வாயைத் திறக்காதே

அந்த வார்த்தையைக் கேட்டாலே ஹெச்.எம். முகம் மாறிடும். பாவம், அவங்க தலையில ஏற்கெனவே மதிய உணவுக் கணக்கு, கலோத்சவம், ஆன்லைன் ரிப்போர்ட்னு ஆயிரம் இருக்கு. ஏற்கெனவே திறந்திருக்கிற கதவு வழியா உள்ளே போ.

எந்தக் கதவுனு கேளு. 2025 ஜூன்ல, ரேபிஸ் விழிப்புணர்வுக்குனே கேரளப் பள்ளிகள்ல தனி அசெம்ப்ளி நடத்தினாங்க. அதே வருஷம் நவம்பர் 7 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டுது. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் வளாகங்கள்ல இருந்து தெருநாய்களை அப்புறப்படுத்தணும்னு சொன்ன அந்த உத்தரவுதான். பிராணிங்க கிட்ட எப்படி ஜாக்கிரதையா நடந்துக்கணும், கடிச்சா என்ன முதலுதவின்னு பள்ளிக்கூடத்துல சொல்லித்தரணும்னும் அதுலயே இருக்கு. ஆக, "நாய்க்கடி பாதுகாப்பு வகுப்பு எடுக்க வரேன் டீச்சர், காசு வேண்டாம், ஒரு பீரியடு போதும்"னு சொல்லு. நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. ரேபிஸ்ல குழந்தைங்க செத்துப்போன செய்தியை ஒவ்வொரு வீட்டுலயும் படிச்சிருக்கிற ஊர் இது. பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிட்டிருக்கிற தாய்கிட்ட முதல் வாக்கியமே "நாயை நேசி"ன்னா அவளுக்குக் கோபம் வராதா? முதல்ல அவ பயத்துக்கு மரியாதை கொடு. இரக்கம் பின்னால தானா வரும்.

அந்த உத்தரவு சரியா தப்பான்னு ஸ்டாஃப் ரூம்ல சண்டைக்கு மட்டும் நிக்காதே. பள்ளிக் கேட்ல நாய்க்குச் சோறு வைக்கிற வேலையும் வேண்டாம். மொத்த முயற்சியும் ஒரே நாள்ல காலி.

2. கடுதாசி ஒரே பக்கம், மலையாளத்துல

நாலு பக்கம் எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. என்ன செய்யப் போறே, எந்த வகுப்பு, எத்தனை நிமிஷம், கூட யார் வர்றாங்க. அவ்வளவுதான்.

நடுவுல ரெண்டு வரி சட்டம் சேர்த்துக்கோ, கனமா இருக்கும். அரசியல் சாசனம் 51ஏ(ஜி): உயிர்கள்கிட்ட கருணை காட்டறது குடிமகனோட அடிப்படைக் கடமை. 1976-ல 42-ஆவது திருத்தத்துல சேர்த்தது. அடுத்தது, 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம். பிராணிகளை இரக்கமா நடத்தறதைப் பத்தி மக்களுக்குக் கல்வி தர்றது விலங்கு நல வாரியத்தோட வேலைகள்ல ஒண்ணுன்னு 9-ஆம் பிரிவுலயே எழுதியிருக்கு. அந்தச் சட்டம் வர்றதுக்கு ராஜ்யசபாவுல முதல்ல குரல் கொடுத்தது யார் தெரியுமா? மதுரையில பிறந்த நம்ம ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை ஆரம்பிச்சவங்கன்னு மட்டும் தெரிஞ்சு வச்சிருக்கோம். வாரியத்துக்கும் முதல் தலைவர் அவங்கதான்.

அரசுப் பள்ளின்னா ஹெச்.எம். "ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) கிட்டயும் ஒரு காப்பி கொடுங்க"ன்னு சொல்லலாம். முகம் சுளிக்காம கொடு. பி.டி.ஏ. தலைவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வை. அவரை விட்டுட்டேன்னா அடுத்த மீட்டிங்ல அவரே எதிர்க்கட்சி.

3. போகக்கூடாத நாள்

ஜூன் முதல் வாரம் பிரவேசனோத்சவம், ஓணப் பரீட்சை, கலோத்சவ ஒத்திகை, கிறிஸ்துமஸ் பரீட்சை, மார்ச் பரீட்சை. இந்த நாள்கள்ல போய் நிக்காதே, திட்டு வாங்குவே. ஜூன் கடைசி, ஜூலை நல்லது. மழை நாள்ல மைதானம் கிடையாது, பசங்க வகுப்புல அடைஞ்சு கிடக்கும், டீச்சரே சந்தோஷப்படுவாங்க. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம், அக்டோபர் 4 உலக விலங்குகள் தினம். ஜனவரி 14-ல இருந்து 31 வரைக்கும் விலங்கு நல இருவாரம். எனக்குப் பிடிச்சது இந்தக் கடைசிதான். ஏன்னு அஞ்சாவது டிப்ஸ்ல தெரியும்.

4. நாய்க்கடி வகுப்பு: பேச்சு பாதி, பயிற்சி பாதி

எல்லாரையும் எழுப்பி நிக்க வை. "நாய் கிட்ட வந்துட்டா ஓடாதே, கத்தாதே. கையைக் கட்டிக்கிட்டு உன் கால் விரலைப் பார்த்து மரம் மாதிரி அசையாம நில்லு." நீயே நாயா நடிச்சு வகுப்பைச் சுத்தி வா. வெக்கப்படாதே, டீச்சர் முன்னாடியும் நடி. சின்னதுங்க சிரிச்சுக்கிட்டே கத்துக்கும். கீழே விழுந்துட்டா சுருண்டு படுத்து, கையால காதையும் கழுத்தையும் மூடிக்கணும். அதையும் ஒரு தரம் தரையில செஞ்சு பார்க்கச் சொல்லு.

அப்புறம் மூணு விதி. தூங்கற நாய், தின்னுட்டிருக்கிற நாய், குட்டி போட்ட நாய். இந்த மூணு பக்கமும் போகக்கூடாது. பாரு, இங்கதான் உன் பாடம் சத்தமில்லாம உள்ள நுழையுது. "ஏன் குட்டி போட்ட நாய் உறுமுது?"ன்னு கேளு. "குட்டியை எடுத்துடுவாங்கன்னு பயம்"னு ஏதாவது ஒண்ணு கத்தும். அது போதும். மேல விளக்க உக்காராதே.

கடிச்சா என்ன செய்யணும்னும் அடிச்சுச் சொல்லு:

- உடனே குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணியில கழுவணும். 15 நிமிஷம்னா எவ்வளவு நேரம்னு பசங்களுக்குத் தெரியாது. கடிகாரத்தைக் காட்டிப் புரிய வை.
- மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக்கூடாது.
- அன்னிக்கே ஆஸ்பத்திரி. ஆலுவான்னா ஜில்லா ஆஸ்பத்திரி இருக்கு. ஊசி முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். ரெண்டு போட்டுட்டு "நல்லாயிட்டான்"னு நிறுத்தறது நம்ம வீடுகள்ல நடக்கற பெரிய தப்பு. ஆழமான கடின்னா இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போடுவாங்க.
- பூனை பிறாண்டினாலும், வீட்டு நாய்க்குட்டி விளையாட்டா பல்லு பதிச்சாலும் இதே விதிதான்.

ரொம்ப முக்கியமானதைக் கடைசியா சொல்றேன். பிள்ளைங்க கடியை மறைக்கும். அடி விழும், ஊசி குத்துவாங்கன்னு பயம். அதனால பசங்க கிட்ட "யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்"னு சொல்றதோட நிறுத்தாதே. பி.டி.ஏ. மீட்டிங்ல அம்மாக்கள் கிட்ட, "சொன்ன பிள்ளையைத் திட்டாதீங்க"ன்னு கையெடுத்துக் கேட்டுக்கோ.

5. மண்சட்டி

ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரமிருக்குன்னா இதைச் செய், மத்த எல்லாத்தையும் விடு.

இதுக்கு வெளிநாட்டுப் பாடத்திட்டம் தேடி அலைய வேண்டாம். ஆலுவா பக்கத்துல முப்பத்தடத்துலயே ஆள் இருக்கார். எழுத்தாளர் ஸ்ரீமன் நாராயணன். கோடையில பறவைங்களும் பிராணிங்களும் தண்ணிக்குத் தவிக்குதேன்னு வருஷக்கணக்கா மண்பாத்திரத்தை இலவசமா கொடுத்துட்டு வர்றார். சட்டி அவரோடது, தண்ணி ஊத்தறது வாங்கினவங்க பொறுப்பு. 2022 மார்ச் 27-ல பிரதமர் 'மன் கீ பாத்'துல அவரைப் பத்திப் பேசினார். அப்பவே பாத்திரங்களோட எண்ணிக்கை 1 லட்சத்தை நெருங்கிட்டிருந்தது. அந்த லட்சமாவது சட்டி காந்தியோட சபர்மதி ஆசிரமத்துக்குன்னு முடிவு பண்ணியிருந்தார். பசங்க கிட்ட இந்தக் கதையைச் சொல்லு. 'நம்ம பக்கத்து ஊர்க்காரர்'னு தெரிஞ்சா முதுகு நிமிர்ந்து உக்காரும்.

இனி செய்முறை. இதுலதான் எல்லாரும் கோட்டை விடறது.

சட்டி அகலவாய், ஆழம் கம்மி. குடம் வேண்டாம், குருவி உள்ள எட்டாது, அணில் விழுந்தா ஏற முடியாது. உள்ளே ரெண்டு மூணு கூழாங்கல் போடு, தேனீயும் வண்டும் உக்காந்து குடிக்கும், மூழ்காது. பிளாஸ்டிக் வேண்டாம், வெயில்ல தண்ணி கொதிச்சுப் போகும். மாமரம், பலா மரம்னு நிழல் பார்த்து வை. பூனை மறைஞ்சு பாயற புதர் ஓரம் மட்டும் வேண்டாம். உயரமா ஒண்ணு பறவைக்கு, தரையில ஒண்ணு நாய் பூனைக்குன்னு ரெண்டா வச்சா சண்டையும் இல்லை. தரைச்சட்டியை மட்டும் விளையாட்டு மைதானத்தை விட்டுத் தள்ளி, பின் சுவர்ப் பக்கமா வை. பசங்க ஓடற இடத்துக்கு நாயை வரவழைச்சு உபகாரம் பண்ணாதே.

கொசு! இதை மறந்தேன்னா ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து சட்டியை உடைச்சுட்டுப் போவார். அவர் செய்யறதும் நியாயம்தான், எர்ணாகுளத்துல டெங்கு சும்மா விளையாட்டில்லை. கொசு முட்டை பறக்கற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தினமும் பழைய தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டுப் புதுசு ஊத்தணும். தேங்காய் நாரால உள்பக்கம் தேய்க்கணும், ஏன்னா முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். சோப்பு வேண்டாம். கேரளப் பள்ளிகள்ல வெள்ளிக்கிழமை தேங்கின தண்ணியைக் கொட்டற 'டிரை டே' இருக்கே, அந்த நாள்ல சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற பழக்கத்தையும் சேர்த்துடு. சனி, ஞாயிறு கவலையும் தீர்ந்தது, ஹெல்த் இன்ஸ்பெக்டரும் உன் கட்சி.

யார் ஊத்தறது? "எல்லாரும் பார்த்துக்கோங்க"ன்னு விட்டா மூணாம் நாள் சட்டி காஞ்சு கிடக்கும். ரெண்டு ரெண்டு பேரா முறை போட்டுச் சுவர்ல ஒட்டு. முதல் பெஞ்சு நல்ல பிள்ளைகளுக்கே கொடுக்காதே. கல் எறியறதுல பேர் வாங்கின பையன் இருப்பான் பாரு, அவனுக்கு முதல் வாரம். தண்டனை மாதிரி இல்லாம பொறுப்பு மாதிரி கொடு. தான் ஊத்தின தண்ணியை ஒரு மைனா வந்து குடிக்கிறதைப் பார்த்தவன் அந்தச் சட்டிப் பக்கம் கல் விட மாட்டான், அடுத்தவனையும் விட மாட்டான்.

பக்கத்துலயே ஒரு நோட்டு. தேதி, மணி, யார் வந்தது. காக்கா, மைனா, கொண்டைக்குருவி, செம்போத்து, அணில். பேர் தெரியலைன்னா படம் வரையட்டும். சயின்ஸ் டீச்சர் இதைப் பார்த்தாங்கன்னா ப்ராஜெக்ட்டா எடுத்துக்குவாங்க. அதுக்கப்புறம் உன் திட்டம் பள்ளிக்கூடத்துத் திட்டம் ஆயிடும், உனக்கு வேலை மிச்சம்.

இப்போ ஜனவரி ஏன்னு சொல்றேன். தண்ணிக்கு நிஜமா தவிக்கிற மாசம் மார்ச், ஏப்ரல், மே. ஏப்ரல்ல பள்ளிக்கூடம் பூட்டிடும்! ஜூன் மழையில சட்டி வச்சு என்ன பிரயோஜனம்? ஜனவரியில ஆரம்பி, பிப்ரவரியில பழக்கமாகட்டும், மார்ச் பரீட்சை முடியறப்ப சட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பு. மாடியோ முற்றமோ இல்லாத பிளாட் பிள்ளைக்கு ஜன்னல் திட்டு இருக்கும். கீழே நடக்கறவன் தலையில விழாம கயிறு கட்டச் சொல்லு.

6. ரத்த வீடியோ கூடவே கூடாது

2020 டிசம்பர்ல நெடும்பாசேரிப் பக்கம் நாயைக் காருக்குப் பின்னாடி கட்டி ரோட்டுல இழுத்துட்டுப் போன சம்பவம் ஞாபகம் இருக்கா? அந்த வீடியோ நாடெல்லாம் சுத்துச்சு, டிரைவரைக் கைது பண்ணினாங்க. அதை வகுப்புல போட்டா ரெண்டு பிள்ளை அழும், நாலு பிள்ளை சிரிக்கும், மத்ததுங்க கண்ணை மூடிக்கும். ஒண்ணும் கத்துக்காது. வீடியோவை விடு, அந்த வண்டியைப் பின்தொடர்ந்து போய்த் தடுத்தாரே வழிப்போக்கர் ஒருத்தர், அவர் கதையைச் சொல்லு. "நீ அங்க இருந்தா என்ன செஞ்சிருப்பே? தனியா தடுப்பியா, பெரியவங்களைக் கூப்பிடுவியா?"ன்னு கேளு. அந்த நாய் பிழைச்சதையும் சொல்லு. பிள்ளைங்களுக்கு அது தெரிஞ்சே ஆகணும்.

7. உயிருள்ள பிராணியை வகுப்புக்குத் தூக்கிட்டுப் போகாதே

உன் நாய் எவ்வளவு சாதுவா இருந்தாலும் சரி. நாற்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல கை நீட்டினா சாதுவும் மிரளும். ஒரு பிறாண்டல் போதும், அதோட உனக்கு அந்தப் பள்ளி வாசல் மூடிடும். இரக்கம் சொல்லித்தர ஒரு ஜீவனையே பயமுறுத்தறது என்ன நியாயம்?

8. சாப்பாட்டுத் தட்டைத் தொடாதே

நீ சைவமா இரு, சந்தோஷம். ஆனா மட்டாஞ்சேரி வகுப்புல மீன்காரர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும், இறைச்சிக்கடைக்காரர் பிள்ளையும் இருக்கும், ஜைன வீட்டுப் பிள்ளையும் இருக்கும். "கறி தின்னா பாவம்"னு ஒரு வார்த்தை சொன்னா அப்பன் தொழிலை நாலு பேர் முன்னாடி கேவலப்படுத்தின மாதிரி ஆயிடும். பசங்களே கேட்டா, "வீட்டுல பேசுங்க, நாம இங்க தேவையில்லாம துன்புறுத்தாம இருக்கறதைப் பத்திப் பேசலாம்"னு திருப்பு. கோழியைத் தலைகீழா சைக்கிள்ல தொங்கவிட்டுக் கொண்டு போறதைப் பத்தி எல்லா வீட்டுப் பிள்ளையும் பேசும். அதுல யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஆலுவாக்காரிக்கு இதை நான் சொல்லணுமா? பெரியாற்றங்கரையில 1913-ல அத்வைத ஆசிரமம் வச்ச நாராயண குரு, 1924-ல அங்கயே சர்வமத சம்மேளனம் கூட்டினப்ப, வாதாடி ஜெயிக்க இல்லைன்னு முதல்லயே அறிவிச்சுட்டுத்தான் கூட்டினார். ஜீவகாருண்யத்தைப் பத்திப் பாட்டே எழுதினவர் அவர். அந்த மனுஷர் ஊர்ல நீ வகுப்பறையில வாதம் பண்ணாதே.

9. எட்டாங்கிளாசுக்கு மேல கதை சொன்னா தூங்கிடும், வழக்கு கொடு

1960 சட்டத்துல மிருகவதைக்கு முதல் தடவை அபராதம் 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய் வரைக்கும்தான். இன்னிக்கும் அப்படித்தான் இருக்கு. இதைக் கரும்பலகையில எழுதிட்டு நகர்ந்து நில்லு. வகுப்பு தானா சூடாகும். கொன்னாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவோட 325-ஆம் பிரிவுல 5 வருஷம் வரை ஜெயில்னு அப்புறமா சொல்லு.

அடுத்தது புறா. மட்டாஞ்சேரி குஜராத்தி ரோட்டு ஜைனக் கோயில்ல மத்தியானம் புறாக்களுக்குத் தானியம் போடறதைப் பார்க்காத கொச்சிக்காரங்க உண்டா? அதே சமயம் புறா எச்சத்தால நுரையீரல் நோய்னு சொல்லி 2025-ல மும்பை தாதர் கபூதர்கானாவை மாநகராட்சி மூடினப்ப பெரிய ரகளை. ரெண்டையும் முன்னால வச்சு, 'தர்மமா, ஆரோக்கியமா, ரெண்டுக்கும் நடுவுல வழி இருக்கா?'ன்னு கேளு. தீர்ப்பு நீ சொல்லாதே.

யானையைப் பத்திக் கட்டாயம் யாராவது கேப்பாங்க. கேரளாவுல கோயில் யானைன்னா மனசு சம்பந்தப்பட்ட விஷயம், பார்த்துப் பேசு. 2023 பிப்ரவரியில திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி ஸ்ரீகிருஷ்ணன் கோயில்ல இயந்திர யானையைக் காணிக்கையா நடைக்கு இருத்தினாங்க. அதைச் சொல்லிட்டு நிறுத்திக்கோ. முதல் நாளே பூரத்தை எதிர்த்துப் பேசினா ரெண்டாம் நாள் உனக்குக் கிடையாது.

10. பள்ளிக்கு வெளிய

புதுசா சங்கம் ஆரம்பிக்காதே, தலைவர் யாருங்கற சண்டையிலயே வருஷம் போயிடும். இருக்கறதுல சேர். ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் 2010-ல கேரளாவுல ஆரம்பிச்சது, காக்கி போட்ட பசங்க ஒரு வேலையை எடுத்தா முடிச்சுடும். குடும்பஸ்ரீயோட பாலசபை, வாசகசாலை பாலவேதி, ஜே.ஆர்.சி., பிளஸ் டூ என்.எஸ்.எஸ்., மாத்ருபூமி சீட், மனோரமா நல்லபாடம். இவங்க எல்லாருமே "என்ன செய்யலாம்"னு ஆள் தேடிக்கிட்டிருக்கிறவங்க. சர்ச் ஞாயிறு வகுப்பு, மதரசா, கோயில் பாட்டு வகுப்புன்னு அந்தந்தப் பெரியவங்க மூலமாவே போ, அவங்க வாயாலயே சொல்ல வை.

11. மொழி

தமிழ்ல நோட்டீஸ் அடிச்சு ஆலுவாவுல கொடுக்காதே. மலையாளத்துல அடி, ஒரு டீச்சர்கிட்ட பிழை பார்த்துக்கோ. ஏலூர், பெரும்பாவூர் பக்கம்னா வங்காளி, ஒடியா, இந்தி பேசற தொழிலாளிகள் பிள்ளைங்க நிறைய. அவங்களுக்காகவே எர்ணாகுளம் மாவட்டத்துல ரோஷ்ணி திட்டம் வந்தது. அங்க படம் வரைஞ்ச சார்ட் போதும். மரம் மாதிரி நிக்கறதுக்கும் சட்டியில தண்ணி ஊத்தறதுக்கும் மொழி எதுக்கு?

12. உனக்குன்னு ரெண்டு வார்த்தை

தனியா போகாதே, வகுப்புல டீச்சர் இல்லாம எடுக்காதே. பிள்ளைங்க முகம் தெரியற போட்டோவைச் சம்மதம் வாங்காம வாட்ஸ்அப்ல போடாதே. சர்டிபிகேட், மெடல், ரிப்பன் வெட்டற விழான்னு காசைக் கரைக்காதே, அந்தக் காசுக்கு இன்னும் பத்து சட்டி வரும். ஒரே வருஷத்துல அஞ்சு பள்ளி பிடிக்கணும்னு பேராசை வேண்டாம். ஒரு பள்ளி, ரெண்டு வகுப்பு, மூணு மாசம். மாசத்துக்கு ஒரு தரம் போய் அந்த நோட்டைப் புரட்டிப் பாரு. பக்கம் காலியா இருந்தா பசங்களைத் திட்டாம, முறைப் பட்டியலை மாத்து.

சரி, மொபைலைக் கீழே வச்சுட்டு ஒரு தாள் எடு. உன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி ஹெச்.எம்.முக்குக் கடுதாசியை இன்னிக்கே எழுதிடு. தேதி போட மறக்காதே, மறக்காம கையெழுத்தும் போடு.